சூளைக்குள் பாடிய பாட்டு

மூடிய இடம் எனக்கு ஆகாது. நாற்பத்தைந்து வயது வரை என் மனைவியைத் தவிர யாருக்கும் இது தெரியாது. வீட்டில் குளியலறைக் கதவை வெறுமனே சாத்திவிட்டுத்தான் குளிப்பேன், தாழ் போட மாட்டேன். லிஃப்ட் உள்ள கட்டடத்தில் எத்தனை மாடி என்றாலும் படி ஏறுவேன். யாராவது கேட்டால் உடம்புக்கு நல்லது என்று சொல்லிச் சமாளிப்பேன். சின்ன வயதில் எங்கேயாவது மாட்டிக்கொண்டேனா என்றால் அப்படி ஒரு கதையும் கிடையாது. கதவு மூடினால் மூச்சும் மூடிக்கொள்ளும், அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவன் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஃப்யூஸ் கட்டைகளை வைக்கோல் திணித்து அட்டைப்பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்றிவிடும் பேக்கிங் வேலை. சூளைக்குள் போய்ச் சரக்கு அடுக்க ஆள் குறைகிற நாட்களில் எனக்கு எப்படியாவது முதுகு பிடித்துக்கொள்ளும். கூட இருப்பவர்கள் என்னைச் சோம்பேறி என்று நினைத்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் மனைவி நர்ஸ். இப்போது எங்கள் பக்கத்தில் நர்ஸ் படித்த பெண்கள் பாதிப் பேர் ஜெர்மன் படிக்கிறார்கள். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போன கம்மாபுரத்து வீட்டுப் பெண்களிலிருந்து நல்லூரில் கரும்பு போடுகிறவர் மகள் வரை, ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் உட்கார்ந்து பாடம் கேட்கிறார்கள். என் மனைவியும் நாற்பது வயதில் போய்ச் சேர்ந்தாள். மகள் கடலூரில் ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். "பரீட்சை பாஸ் பண்ணா அங்க வேலை கெடைக்கும், பாப்பா படிப்புக்கு ஆவும்" என்றாள். சரி என்றேன். அவள் விமானம் ஏறிப் போய்விட்டால் இந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்ற பயத்தை மட்டும் சொல்லவில்லை.

அந்த வகுப்பை நடத்திய டீச்சர் அறுபது வயதுக்காரர். ஜெர்மனியில் நர்ஸாகப் பல வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். பாஷை புத்தகத்திலிருந்து வாய்க்கு வராது, பாட்டிலிருந்துதான் வரும் என்பது அவர் கட்சி. அதனால் அந்த வருடம் மாணவிகளை வைத்து ஒரு நாடகம் போடத் தீர்மானித்தார். பேச்சும் பாட்டும் கலந்து வரும் நகைச்சுவை இசை நாடகம். அந்த மாதிரி நாடகங்கள் ஜெர்மன் மொழியில் வர ஆரம்பித்த காலத்தில் எழுதியதாம். அந்த நாட்டிலேயே இப்போது அதை மேடையேற்றுகிறவர்கள் அநேகமாக இல்லை. ஏதோ நூலகத்தில் ஸ்கேன் செய்து வைத்திருந்ததை அச்செடுத்து, தையல் போட்டு வைத்திருந்தார்.

"ஏன் டீச்சர், எல்லாருக்கும் தெரிஞ்ச நாடகமா எடுக்கக் கூடாதா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"தெரிஞ்சதுன்னா அங்க எப்டி பாடுனாங்க, நீங்க எப்டி பாடுறீங்கன்னு ஒப்பிடுவாங்க. இத ஒருத்தரும் பாத்ததில்ல. நாம பாடுறதுதான் சரி" என்றார்.

ஆண் குரலுக்கு ஆள் இல்லை. கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவோடு நான் பாடுவது உண்டு. என் மனைவி அதைச் சொல்லிவிட்டாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். பாடி முடித்ததும் கையில் காகிதத்தைக் கொடுத்தார். என் மனைவியோடு வாரம் மூன்று சாயங்காலம் ஒரே அறையில் உட்காரலாமே என்றுதான் நான் ஒப்புக்கொண்டேன். ஆனால் அவள் நடிக்கவில்லை. மேடை என்றால் அவளுக்குக் கை நடுங்கும். மற்றவர்களுக்கு உச்சரிப்பு சொல்லிக்கொடுத்தாள்.

கதை சின்னது. ரொட்டி சுட்டு விற்கும் ஒரு கஞ்சன், தன் பொறுப்பில் வளரும் தாய் தகப்பன் இல்லாத பெண்ணை, அவள் சொத்துக்காகத் தானே கட்டிக்கொள்ளப் பார்க்கிறான். அவளுக்குப் போரிலிருந்து திரும்பிய ஒரு சிப்பாய்மேல் ஆசை. கஞ்சன் வெளியே போன சமயம் சிப்பாய் வீட்டுக்குள் வருகிறான். கஞ்சன் திடீரென்று திரும்பிவிடுகிறான். ஒளிய இடமில்லாமல் சிப்பாய் ரொட்டி அடுப்புக்குள் புகுந்துகொள்ள, கஞ்சன் கதவைத் தாழிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போகிறான். உள்ளேயிருந்து சிப்பாய் நடுங்கிக்கொண்டே பாடும் பாட்டுத்தான் நாடகத்தில் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டிய இடம்.

சிப்பாய் நான். கஞ்சன், ஹார்டுவேர் கடை வைத்திருந்த ஒரு அண்ணன். சர்ச் பாட்டுக் குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவர், தும்மினாலே தெருவுக்குக் கேட்கும். அந்தப் பெண்ணாக நடித்தது நல்லூர்க்காரப் பெண். பேச்சையெல்லாம் டீச்சர் தமிழில் எழுதிவிட்டார். பாட்டு மட்டும் ஜெர்மன். எனக்கு அர்த்தம் தெரியாது. தமிழ் எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்தேன். "உ-ன்னு வாயக் குவிச்சிக்கிட்டு இ-ன்னு சொல்லுங்க தம்பி" என்பார் டீச்சர். நான் சொன்னதும் பெண்கள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

அடுப்பு என்றால் பிளைவுட்டில் செய்த அடுப்பு, பின்பக்கம் திறந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். மாடி அறையில் வெக்கை தாங்காமல், ஒத்திகைக்கு எங்கள் கம்பெனி முற்றத்தைக் கேட்டு வாங்கிக்கொடுத்தவனும் நான்தான். அந்த முற்றத்தின் ஓரத்தில் பழைய சூளை ஒன்று இருந்தது. கேஸ் சூளை வந்த பிறகு அதைத் தொடுவாரில்லை. வட்டமாகச் செங்கல் கட்டு, மேலே கவிழ்த்த சட்டி மாதிரிக் கூரை, ஆள் குனிந்து நுழையும் ஒரு வாசல். டீச்சர் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். சுற்றி வந்தார். செங்கல்லைக் கையால் தட்டினார்.

"பிளைவுட்டு வேணாம். இந்த ஊருல நாடகம் போட்டா இதுதான் அடுப்பு. இங்கயே போட்டுடலாம்" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வரும் வழியில் வண்டியின் பின்னால் இருந்து என் மனைவி கேட்டாள். "என்னா பண்ணப் போறீங்க?"

"வாசல்லயே நின்னுக்குவேன். கதவுதான் இல்லியே."

"கதவு வைப்பாங்கல்ல."

"வச்சா பாத்துக்கலாம்."

"டீச்சர்கிட்ட சொல்லிடுங்க. இதுல என்னா வெக்கம்? நான் பாக்கற பேஷண்டுங்க எத்தினி பேரு ஸ்கேன் மெஷின பாத்து ஓடுறாங்க தெரியுமா?"

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. மறுநாள் வாயைத் திறந்தேன். பக்கத்தில் கம்பெனி ஆள் ஒருவன் நின்றான், மூடிக்கொண்டேன். அதற்கு அடுத்த முறை அந்த அண்ணன் என்னைப் பார்த்து, "சிப்பாய் வேஷம் உனக்குத்தான்யா பொருந்துது, தைரியமான மூஞ்சி" என்றார். அப்புறம் எங்கே சொல்வது?

ஒத்திகை முழுக்கக் கதவு வரவில்லை. வெல்டர் இன்று நாளை என்று இழுத்துக்கொண்டிருந்தார். நான் வாசலுக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்று பாடினேன். அப்படி நின்றாலே உள்ளிருந்து வரும் அந்தக் குளிர்ந்த சாம்பல் வாசனை பிடரியில் கை வைப்பது போல இருக்கும். இரண்டு வரிக்கு ஒருதரம் வெளியே தெரியும் வேப்பமரத்தைப் பார்த்துக்கொள்வேன். டீச்சர், "பயம் நல்லா வருது தம்பி, அப்டியே வச்சிக்குங்க" என்றார்.

நாடகத்தன்று மத்தியானம் கதவு வந்து சேர்ந்தது. தகரக் கதவு. வெளியே, மேலிருந்து விழுந்து மாட்டிக்கொள்ளும் ஒரு கொக்கி. வெல்டர் அதைச் சாத்திக் காட்டினார். சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது.

அண்ணனைத் தனியாகக் கூட்டிப்போய், "அண்ணே, கொக்கி மாட்டாதீங்க. சும்மா சாத்துனா போதும்" என்றேன்.

"ஏன்?"

"துரு புடிச்ச சாமானு, மாட்டிக்கப் போவுது."

"இது புதுசுய்யா, நானே என் கடையிலேர்ந்து எடுத்துக் குடுத்தேன்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சரி, மாட்டல" என்றார்.

சாயங்காலம் ஜனம் நிறைந்துவிட்டது. மாணவிகளின் அப்பா அம்மாக்கள், கம்பெனி ஆட்கள், எங்கள் மாவட்டத்து மங்களூர்ப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்த ஒரு குடும்பம், வரிசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்த பிள்ளைகள். ஜெர்மன் நாடகம் என்று என்னவோ எதிர்பார்த்து வந்தவர்கள் தமிழில் பேச்சு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். என் மனைவிக்கு அன்று டியூட்டி. முடித்துவிட்டு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். எத்தனை முறை பார்த்தும் கூட்டத்தில் அவள் இல்லை.

என் சட்டையில் காலர் மைக் குத்தியிருந்தார்கள். அண்ணன் மேடைக்கு வரும் சத்தம் கேட்டதும் நல்லூர்ப் பெண் என் முதுகைத் தள்ளினாள். குனிந்து உள்ளே போனேன். கதவு மூடியது. அதற்குப் பிறகு, மேலே ஏதோ விழுந்து மாட்டும் சத்தம் கேட்டது. அவர் மாட்டவில்லை என்று பிற்பாடு சத்தியம் செய்தார். அவர் சாத்திய வேகத்தில் அது தானே விழுந்திருக்க வேண்டும்.

இருட்டு. கையை நீட்டினேன், செங்கல். மறுபக்கம் நீட்டினேன், செங்கல். கதவைத் தள்ளினேன், அசையவில்லை. கீபோர்டில் என் பாட்டுக்கு முன்னிசை ஆரம்பித்தது. முதல் வார்த்தை வாயில் வரவில்லை. முன்னிசையைத் திரும்பவும் வாசித்தார்கள். என் மூச்சு எனக்கு வெளியே, ஸ்பீக்கரில் கேட்டது. நாய்க்கு இரைக்கிற மாதிரி இருந்தது. கூட்டம் சிரித்தது.

அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியாது. கெட்ட சிரிப்பு இல்லை அது. சந்தோஷமாக, நிறைந்த மனதோடு சிரித்தார்கள். நான் கதவை இரண்டு கையாலும் அடித்தேன். இன்னும் சிரித்தார்கள். "தொறங்க! கதவத் தொறங்க! என்னால முடியல!" என்று கத்தினேன். பேச்செல்லாம் தமிழில்தானே நடந்துகொண்டிருந்தது? அதுவும் வசனம் என்று எடுத்துக்கொண்டார்கள். யாரோ விசில் அடித்தார்கள்.

நல்லூர்ப் பெண் நான் சொந்தமாகச் சேர்த்துப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டாள். பாவம், சமாளித்து நாடகத்தைக் காப்பாற்றப் பார்த்தாள். "ஐயோ, உள்ள யாருமில்லீங்க, பூனைங்க!" என்றாள்.

"பூனையா? தமிழ் பேசுற பூனையா?" என்றார் அண்ணன். கூட்டம் அதிர்ந்தது. "இரு, இப்ப பத்த வைக்கிறேன்!"

அடுத்து என்ன என்று எனக்குத் தெரியும். சூளையின் அடியில் சிவப்பு பல்பு எரியும், சாம்பிராணிப் புகை போடுவார்கள். ஒத்திகையில் புகை வெளியேதான் போயிற்று, வாசலில் கதவு இல்லாததால். இப்போது தீ மூட்டும் அடித்துவாரம் வழியாக ஏறி உள்ளேயே நின்றது. சிவப்பு வெளிச்சத்தில் புகை என் முழங்காலைத் தொட்டு ஏறுவதைப் பார்த்தேன். கோயிலில் வருகிற வாசனைதான். எனக்கு அது பிண வாசனையாக இருந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். செத்துப் போகப் போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இத்தனை பேர் சிரித்துக்கொண்டிருக்கும்போது, கைக்கெட்டும் தூரத்தில், ஒருவருக்கும் தெரியாமல் சாகப் போகிறேன் என்பதுதான் தாங்கவில்லை. கத்துவதை நிறுத்திவிட்டேன். கத்தக் கத்தச் சிரிப்பார்கள் என்று புரிந்துவிட்டது.

அப்போது கதவுக்கு அந்தப் பக்கம், மைக் இல்லாமல், சாதாரணக் குரல் ஒன்று கேட்டது.

"நான்தான். வந்துட்டேன். என் குரல மட்டும் கேட்டுட்டு இருங்க."

டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்து, கடைசி வரிசைக்குப் பின்னால், தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றிருந்தாளாம். முதலில் அவளுக்கும் சிரிப்பு வந்ததாம். பிறகு ஸ்பீக்கரில் என் மூச்சைக் கேட்டிருக்கிறாள். பையைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்தின் நடுவே நடந்து வந்து மேடை ஏறிவிட்டாள். மேடை என்றால் கை நடுங்குகிறவள், நர்ஸ் உடுப்போடு. ஜெர்மன் நாடகத்தில் ஒரு நர்ஸ் வந்ததற்கும் ஜனங்கள் கை தட்டினார்கள்.

"அண்ணே, இது நடிப்பு இல்ல. கதவத் தொறங்க" என்றாள்.

அவர் கொக்கியைத் தூக்கப் பார்த்தார், வரவில்லை. கதவு ஒருபக்கமாகச் சாய்ந்து அதை இறுக்கியிருந்தது. "வெளிய இழுங்கண்ணே, இழுத்துட்டுத் தூக்குங்க" என்று அவள் சொல்வது கேட்டது. நடுநடுவே என்னிடம் பேசிக்கொண்டே இருந்தாள். "தோ, ஆச்சு. மூச்ச இழுக்காதீங்க, வெளிய விடுங்க. விடுங்க. பாப்பா காலைல போன் பண்ணா. பணியாரம் செஞ்சி எடுத்துட்டு வரச் சொன்னா. கேக்குதா?"

"கேக்குது" என்றேன். அது ஸ்பீக்கரில் போயிற்று. அதற்குச் சிலர்தான் சிரித்தார்கள்.

கதவு திறந்தது. நான் தவழ்ந்துதான் வெளியே வந்தேன். அவள் என்னை மேடையிலேயே உட்கார வைத்து, தலையைக் குனிய வைத்து, முதுகில் கை வைத்துக்கொண்டாள். டீச்சர் ஓடி வந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அண்ணன் ஒட்டுத்தாடியோடு என் பக்கத்தில் மண்டியிட்டு, "தம்பி, நான் மாட்டலப்பா, நான் மாட்டலப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் மனைவி கூட்டத்தைப் பார்த்து நிமிர்ந்தாள். என் காலர் மைக் அவள் குரலை வாங்கிக்கொண்டது.

"அவருக்கு மூடுன எடம் ஆவாதுங்க. கொஞ்சம் நேரம் குடுங்க."

கூட்டம் அமைதியாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், உள்ளே இருந்ததைவிட அந்த அமைதிக்குத்தான் அதிகம் பயந்தேன். இத்தனை வருடம் மறைத்து வைத்தது ஊர் முழுக்க, ஸ்பீக்கரில் போய்விட்டது. முன்வரிசையில் எங்கள் கம்பெனி ஆட்கள். இனி அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? தலையைத் தூக்கவே இல்லை. தரையில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண் அவள் அம்மாவிடம், "அவருக்கு இருட்டுன்னா பயமாம்மா?" என்று கேட்டது. "ஆமா, ஒனக்கு இருக்குதுல்ல, அதுமாதிரி" என்றாள் அந்த அம்மா. கேலி இல்லை, விஷயத்தைச் சொன்ன மாதிரிச் சொன்னாள்.

தண்ணீர் குடித்தேன். வீட்டுக்குப் போகலாம் என்று அவள் எழுந்தாள். நல்லூர்ப் பெண் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள், தன்னால்தான் எல்லாம் கெட்டது என்று. எனக்கு என்னவோ போலிருந்தது. "கதவு தொறந்தே இருந்தா பாடிடுவேன்" என்று டீச்சரிடம் சொன்னேன். சொன்ன பிறகு அதற்கும் பயந்தேன்.

சூளை வாசலில், வெளியே கால் நீட்டி உட்கார்ந்து பாடினேன். அண்ணன் கதவு மூடியிருப்பதாகவே நடித்தார். குரல் நடுங்கிற்று. இரண்டாம் சரணம் சுத்தமாக மறந்துவிட்டது, டீச்சர் ஓரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். நன்றாகப் பாடினேன் என்று சொல்ல மாட்டேன். என் மனைவி மேடையை விட்டு இறங்கவில்லை. செங்கல் சுவரில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். சிரிக்க வேண்டிய இடத்தில் ஜனங்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தயங்கினார்கள். பிறகு அவள் சிரித்ததைப் பார்த்துச் சிரித்தார்கள்.

திரும்பும்போது வண்டியை அவள்தான் ஓட்டினாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் நிறுத்தினாள். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்குது" என்றாள்.

"எதுக்கு?"

"போறதுக்கு. பரீட்சை பாஸ் ஆயிடுவேனோன்னு பயமா இருக்குது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா போவாதன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். போன்னு சொல்லிட்டா அதுவும் பயம்."

எனக்கும் அதேதான் என்று சொன்னேன். அவள் போய்விட்டால் வீட்டில் எப்படி இருப்பேன் என்ற பயத்தை அப்போதுதான் சொன்னேன். அந்தக் கடையில் நின்றே ரொம்ப நேரம் பேசினோம். போக வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை, போகவில்லை என்று அவளும் சொல்லவில்லை.

மறுநாள் கம்பெனிக்குப் போகக் கால் வரவில்லை. போனேன். ஒருவன் பூனை மாதிரிக் கத்தினான். இன்னொருவன் அவனை அதட்டினான். சூளை அடுக்கும் மேஸ்திரி, "மொதல்லயே சொல்லியிருக்கலாமேய்யா, நாங்க என்னா ஒன்ன அடைச்சா வைக்கப் போறோம்" என்றார். அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு பொய் முதுகுவலிக்கு வேலை இல்லை.

அவள் பரீட்சையில் தேறி, காகிதமெல்லாம் சரியாகி, மழைக்காலத்தில் கிளம்பிப் போனாள். முதல் மாதம் போனில் இரண்டு பேரும் அழுததுதான் அதிகம். அங்கே அவளுக்கு ஒரு வார்த்தையும் காதில் விழுந்து புரியவில்லை, இங்கே எனக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. போன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது குரல் வேறு மாதிரி இருந்தது.

"இன்னிக்கு பஸ்ஸுல ஒரு அம்மாகிட்ட வழி கேட்டேங்க. புரிஞ்சிது."

"யாருக்கு? உனக்கா, அந்த அம்மாவுக்கா?"

"ரெண்டு பேருக்குந்தான்" என்றாள். அங்கே போன பிறகு அன்றுதான் அவள் சிரித்துக் கேட்டேன்.